சொல்பவர் எங்கே நிற்கிறார்?

உங்கள் கேள்வியைப் படிக்காதவர்களுக்காக அதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் உங்கள் முதல் சிறுகதையை எழுதி முடித்து, மூன்று நண்பர்களிடம் படிக்கக் கொடுத்திருக்கிறீர்கள். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்ததற்கு மறுநாள் காலையில் கதை தொடங்குகிறது. பண்ருட்டிக்குப் பக்கத்தில் ஒரு முந்திரித் தோப்பு. வரப்போகும் விளைச்சலைக் காட்டி வியாபாரியிடம் முன்பணம் வாங்கி, தை மாதத்தில் மகளுக்குக் கல்யாணம் குறித்திருக்கும் ஒரு தகப்பன். தோப்பில் இப்போது ஒரு மரமும் நிற்கவில்லை. படித்தவர்களில் ஒருவர், கதைப்பின்னல் தளர்ந்திருக்கிறது என்றாராம். இன்னொருவர், நோக்குநிலை சிதறுகிறது என்றாராம். மூன்றாமவர், வேலியோரத்துப் பலா மரம் வெறும் வருணனையாக நின்றுவிட்டது, குறியீடாக வளரவில்லை என்றாராம். இந்தச் சொற்களுக்கெல்லாம் என்ன பொருள், இவை தெரியாமல் கதை எழுதக் கூடாதா என்று கேட்டிருக்கிறீர்கள். கதையையும் உடன் அனுப்பியிருந்தீர்கள். இரண்டு முறை படித்தேன்.

தெரியாமலும் எழுதலாம். ஒரு கலைச்சொல்லும் அறியாத பாட்டிமார்கள் சொன்ன கதைகளைக் கேட்டுத்தான் நாம் எல்லாரும் வளர்ந்தோம். இந்தச் சொற்கள் முதல் முறை எழுதும்போது உதவுவதைக் காட்டிலும், எழுதியதைத் திருத்தும்போதே அதிகம் உதவுகின்றன. கதையில் எங்கோ ஒரு குறை இருக்கிறது என்பது எழுதியவருக்கே உள்ளூரத் தெரியும். குறை இருக்கும் இடத்துக்கு ஒரு பெயர் கிடைத்தால்தான் அதைத் தொட்டுப் பார்த்துச் சரிசெய்ய முடியும். மஞ்சக்குப்பத்தில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் சிலர் கூடிக் கதை படித்துப் பேசுகிறோம். தொடக்க காலத்தில் ‘நன்றாக இருக்கிறது, ஆனால் என்னவோ ஒட்டவில்லை’ என்பதற்கு மேல் எங்களுக்குப் பேச்சு நீளாது. எழுதி வந்தவர் மனம் வாடித் திரும்புவார். பெயர்களைக் கற்றுக்கொண்ட பிறகு, எந்தப் பத்தியில் எந்த வாக்கியத்தில் ஒட்டவில்லை என்று சொல்ல முடிந்தது. திருத்திக்கொண்டு அடுத்த மாதம் வந்தவர்களும் உண்டு.

உங்கள் நண்பர்கள் மூன்று குறைகளைச் சொன்னதாக நீங்கள் எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். மூவரும் ஒரே இடத்தைத்தான் மூன்று பெயரால் தொட்டிருக்கிறார்கள் என்பது என் எண்ணம். அந்த இடம் நோக்குநிலை. அதற்கு வருவதற்கு முன் மற்ற இரண்டையும் கொஞ்சம் விளக்க வேண்டியிருக்கிறது.

கதை என்பது நடந்தது. கதைப்பின்னல் என்பது நடந்தவற்றை ஒன்றோடொன்று கோத்திருக்கும் விதம். இந்த வேறுபாட்டைத் தமிழ் இலக்கணத்தைக் கொண்டே பார்க்கலாம். ‘மரம் விழுந்து கல்யாணம் நின்றது’ என்று எழுதினால், விழுந்து என்னும் வினையெச்சம் இரண்டு நிகழ்ச்சிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறது. ஒன்றுக்கொன்று என்ன உறவு என்பதை வெளிப்படையாகச் சொல்வதில்லை. ‘மரம் விழுந்ததால் கல்யாணம் நின்றது’ என்றால் காரணம் பிறக்கிறது. ‘மரம் விழுந்தும் கல்யாணம் நடந்தது’ என்றால், அந்த ஓர் உம் என்ற இடைச்சொல்லுக்குள் ஒரு முழுக் கதையே அடங்கிக் கிடக்கிறது: எப்படி நடந்தது, யார் எதை விட்டுக்கொடுத்தார்கள், அந்த விட்டுக்கொடுத்தல் யாருக்குத் தெரிந்தது, யாருக்குத் தெரியவில்லை? உங்கள் கதை இந்த மூன்றாவது வகையைச் சேர்ந்தது. தகப்பன், கேட்காத கடனுக்காகத் தோப்பின் ஓரத்து நிலத்தை விற்கிறார், கல்யாணம் நடக்கிறது. ஆனால் நீங்கள் அதை எழுதியிருப்பதோ ‘புயல் ஓய்ந்து, அப்பா தோப்புக்குப் போய், மரங்களைப் பார்த்துவிட்டு, வீட்டுக்குத் திரும்பி, வியாபாரி வந்து’ என்று வினையெச்சங்களின் வரிசையில். தமிழ் நமக்குத் தந்திருக்கும் மிக வசதியான கருவி வினையெச்சம். வசதியாக இருப்பதாலேயே காரண காரியத்தை யோசிக்காமல் நகர்ந்துபோக அது இடம் கொடுத்துவிடுகிறது.

பின்னலில் ஓர் இழை மாறினால் என்ன ஆகும் என்பதற்குக் கடலூரில் 1934இல் பிறந்த ஜெயகாந்தனைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை. ‘அக்கினிப் பிரவேசம்’ என்ற சிறுகதையில், மழை நாளில் ஒருவனுடைய காரில் ஏறிக் கெட்டுப்போனதாகக் கலங்கி வரும் மகளின் தலையில் தாய் தண்ணீரை ஊற்றி, நீ சுத்தமாகிவிட்டாய் என்கிறாள். அதே நிகழ்ச்சியில் தாய் அப்படிச் செய்யாமல் போயிருந்தால் என்ற ஒரே மாற்றத்திலிருந்து அவர் பின்னர் ஒரு முழு நாவலை எழுதினார். 1972ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருதைப் பெற்ற ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ அதுதான். மழையும் காரும் பெண்ணும் மாறவில்லை. ஒரு தாய் ஒரு கணத்தில் எடுத்த முடிவு மாறியது. அதனால் அந்தப் பெண்ணின் பல ஆண்டு வாழ்க்கையே வேறாயிற்று. பின்னல் என்று நான் சொல்வது இந்தத் தாங்குமுடிச்சை. உங்கள் கதையில் அது எங்கே இருக்கிறது என்று கேட்டால், வியாபாரி கடனைக் கேட்காமல் திரும்பிப் போகும் இடத்தில் இருக்கிறது. அதைப் பிறகு பார்ப்போம்.

இடையில் ஒரு சொல் குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் கடிதத்திலேயே அது இருந்தது. இன்றைய விமரிசனத்தில் கருப்பொருள் என்றால் கதையின் அடிப்படைக் கருத்து என்று பொருள் கொள்கிறோம். தொல்காப்பியம் அந்தச் சொல்லை வேறு பொருளில் ஆள்கிறது. நிலமும் பொழுதும் அதற்கு முதற்பொருள். அந்த நிலத்துக்குரிய தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் முதலியவை கருப்பொருள். பிரிதல், இருத்தல், இரங்கல் போன்ற மனித ஒழுக்கம் உரிப்பொருள். கல்லூரியில் ஒன்றையும் விமரிசனக் கட்டுரைகளில் மற்றொன்றையும் படிப்பவர்கள் திணறுவது இயல்பே. கதையின் அடிப்படைக் கருத்தைக் குறிக்க மையக்கருத்து என்றோ கதைக்கரு என்றோ எழுதுவதுதான் தெளிவு. பழைய பாகுபாட்டை விட்டுவிட வேண்டும் என்பதில்லை. புனைகதை எழுதுபவருக்கு அது இன்றும் மிகப் பயன்படும். உங்கள் கதையில் முதற்பொருள் இருக்கிறது: செம்மண் பூமி, மார்கழி, புயலுக்கு மறுநாள். உரிப்பொருளும் இருக்கிறது. கருப்பொருள்தான் மெலிந்திருக்கிறது. முந்திரித் தோப்புள்ள வீட்டில் அன்று என்ன சமைத்தார்கள், ஆடு எங்கே கட்டியிருந்தது, எந்தப் பறவையின் குரல் கேட்கவில்லை என்பவை இல்லாமல் நேரே துக்கத்துக்குப் போய்விடுகிறீர்கள்.

இனி நோக்குநிலை. கதையை எழுதியவர் ஒருவர். கதையைச் சொல்பவர் இன்னொருவர். எழுதியவர் ஊர், பேர், வயதுடைய மனிதர். கதைசொல்லி அவர் படைத்த குரல். அந்தக் குரல் ‘நான்’ என்று பேசலாம், அல்லது ‘அவன், அவள்’ என்று பிறரைப் பற்றிப் பேசலாம். பிறரைப் பற்றிப் பேசும்போதும் எல்லார் மனத்துக்குள்ளும் புகுந்து வரலாம், அல்லது ஒருவர் தோளுக்குப் பின்னால் மட்டும் நின்று அவர் கண்டதையும் கேட்டதையும் நினைத்ததையும் மட்டும் சொல்லலாம். எங்கே நின்று, எவ்வளவு தெரிந்துகொண்டு, எவ்வளவை வெளியே விட்டுச் சொல்கிறது அந்தக் குரல் என்பதே நோக்குநிலை. 1910 முதல் 1920 வரை புதுச்சேரியில் வாழ்ந்த வ.வே.சு. ஐயர் 1915இல் வெளியிட்ட ‘குளத்தங்கரை அரசமரம்’ என்ற கதையை ஓர் அரசமரம் சொல்கிறது. தமிழ்ச் சிறுகதையின் தொடக்கப் படைப்புகளில் ஒன்றாக அது பேசப்படுகிறது. முதலா, இல்லையா என்ற விவாதத்தைவிட எனக்கு முக்கியமாகப் படுவது அந்த மரம்தான். மரத்தடியில் பேசும் பேச்சு அதன் காதில் விழும். குளத்துக்கு வருகிறவர்கள் அதன் கண்ணில் படுவார்கள். வீடுகளுக்குள் நடப்பது அதற்குத் தெரியாது. பிறர் பேசிக் கேட்டால்தான் உண்டு. கதைநாயகி ருக்மிணி உயிரை விடத் துணிந்து இரவில் குளக்கரைக்கு வரும்போது மரம் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நிற்கிறது. எழுந்து போய்த் தடுக்க அதற்குக் கால் இல்லை. அந்தக் கையாலாகாமைதான் நம்மை வருத்துகிறது. எல்லாம் தெரிந்த ஒரு குரல் அதே கதையைச் சொல்லியிருந்தால் நமக்குச் செய்தி கிடைத்திருக்கும், இந்த வருத்தம் கிடைத்திருக்காது.

தமிழில் எழுதுபவர் இந்த விஷயத்தில் கூடுதலாகக் கவனிக்க வேண்டிய சில இடங்கள் இருக்கின்றன. நோக்குநிலையைப் பற்றித் தமிழில் வரும் விளக்கங்களில் பெரும்பாலானவை மூன்று வகை, நான்கு வகை என்று வகை பிரித்துச் சொல்வதோடு நின்றுவிடுகின்றன. நம்முடைய வினைமுற்றுக்குள்ளேயே நோக்குநிலை குடியிருக்கிறது என்பதை அவை பேசுவதில்லை.

‘வந்தான்’ என்பதா, ‘வந்தார்’ என்பதா? தமிழில் ஒரு மனிதரைக் கதைக்குள் நடக்கவிட வேண்டுமென்றால் இந்தக் கேள்விக்கு விடை சொல்லியே ஆக வேண்டும். விடை சொன்ன மாத்திரத்தில், கதைசொல்லிக்கும் அந்த மனிதருக்கும் என்ன உறவு என்பது தெரிந்துவிடுகிறது. உங்கள் கதையின் முதல் பக்கத்தில் முப்பது வயது வியாபாரி ‘வந்தார்’, ‘உட்கார்ந்தார்’. அதே பக்கத்தில், தோப்பில் காலம் காலமாகக் களை பறித்துக் கொட்டை பொறுக்கிய அறுபது வயதுப் பெரியவர் ‘வந்தான்’, ‘நின்றான்’. மூன்றாம் பக்கத்தில் அதே வியாபாரி ‘எழுந்தான்’, ‘போனான்’. இந்த ‘ன்’னும் ‘ர்’உம் யாருடையவை? மகளின் பார்வையில் கதை போகிறது என்று வைத்துக்கொண்டால், ஒரு பட்டதாரிப் பெண் அறுபது வயதுப் பெரியவரை மனத்துக்குள் ‘அவன்’ என்று நினைக்கிறாள் என்றாகிறது. அது அந்த ஊரின் வழக்கமாக இருக்கலாம். அவள் அதை யோசிக்காமல் ஏற்றுக்கொண்டவளாகவும் இருக்கலாம். அப்படியானால் அது கதையின் மிக ஆழமான செய்தி. நீங்கள் அறிந்து எழுதியிருக்க வேண்டும். அறியாமல் எழுதியிருந்தால், அது பாத்திரத்தின் பார்வை ஆகாது, உங்களுடையது ஆகிவிடும். வியாபாரி ‘ர்’இலிருந்து ‘ன்’னுக்கு இறங்குவதும் அப்படியே. மகளின் மனத்தில் அவர் மேலிருந்த மரியாதை போன இடம் அது என்றால், ஒரே எழுத்தில் மனமாற்றத்தைச் சொன்ன அருமையான உத்தி. உங்கள் பிரதியில் அது கை தவறியதாகத்தான் எனக்குப் பட்டது, ஏனென்றால் அடுத்த பத்தியில் மறுபடி ‘வந்தார்’ என்று ஆகிவிடுகிறது.

இரண்டாவது, ‘ஆம்’ என்ற ஒட்டு. இந்தப் பதிலின் முதல் பத்தியில் உங்கள் நண்பர்களின் கருத்தை ‘என்றார்’ என்று எழுதாமல் ‘என்றாராம்’ என்று எழுதியிருக்கிறேன். நான் அங்கே இல்லை, நீங்கள் சொல்லித்தான் தெரியும். திருப்பாதிரிப்புலியூரில் என் பாட்டி கதை சொல்லும்போது ‘ஒரு ஊர்ல ஒரு ராஜா இருந்தானாம்’ என்றுதான் தொடங்குவார். கதை முடியும் வரை அந்த ‘ஆம்’ விடாது. ஆனால் கெடிலத்தில் வெள்ளம் ஏறிய இரவைச் சொல்லும்போது அது ஓர் இடத்தில்கூட வராது: ‘தண்ணி வாசப்படிய தொட்டுச்சு. உங்க தாத்தா மாட்ட அவுத்து உட்டாரு.’ பார்த்ததற்கும் கேட்டதற்கும் அவர் பேச்சிலேயே வரப்பு போட்டிருந்தார். நோக்குநிலை என்ற சொல் அவருக்குத் தெரியாது. அந்த ஒழுங்கு அவருக்கு நாக்கிலேயே இருந்தது. எழுதத் தொடங்கும்போது நாம் அதைத் தொலைத்துவிடுகிறோம்.

மூன்றாவது, நாம், நாங்கள். ‘நாங்கள் தோப்புக்குப் போனோம்’ என்றால் வாசகர் வெளியே நிற்கிறார். ‘நாம் தோப்புக்குப் போகிறோம்’ என்றால் அவர் கையையும் பிடித்துக்கொண்டாயிற்று. தன்மையில் எழுதும் கதையில் இந்த இரண்டையும் கலந்தால் வாசகர் வாசலில் ஒரு காலும் உள்ளே ஒரு காலுமாக நிற்பார்.

நான்காவது, ‘என்று நினைத்தாள்’. தமிழில் இது வாக்கியத்தின் கடைசியில் வருகிறது. அதனால் வாக்கியம் முடியும் வரை, படிப்பது கதைசொல்லியின் கூற்றா, பாத்திரத்தின் எண்ணமா என்று நமக்குத் தெரியாது. ‘இனி இந்த வீட்டில் சிரிப்பொலி கேட்காது என்று நினைத்தாள்’ என்பதில் கடைசி இரண்டு சொற்களை எடுத்துவிடுங்கள். ‘இனி இந்த வீட்டில் சிரிப்பொலி கேட்காது.’ இப்போது அந்த எண்ணம் அவளுடையதாகவும் இருக்கிறது, கதையின் குரலாகவும் இருக்கிறது. வாசகர் தம்மை அறியாமல் அவளுக்குள் போய் உட்கார்ந்துவிடுகிறார். நவீனப் புனைகதையின் மிகப் பெரிய கண்டுபிடிப்புகளில் ஒன்று இந்தக் கலப்புக் குரல். இதையே எல்லை கடந்து கொண்டுபோய், எண்ணங்கள் ஒழுங்கில்லாமல் ஒன்றைத் தொட்டு ஒன்று வருவதை அப்படியே பின்தொடர்ந்தால் அதற்கு நனவோடை என்று பெயர்.

இவற்றையெல்லாம் கையில் வைத்துக்கொண்டு உங்கள் கதையின் இரண்டாம் பக்கத்தைப் பாருங்கள். நீங்கள் எழுதியிருப்பது இது:

‘செல்வி திண்ணைத் தூணில் சாய்ந்துகொண்டு தோப்பைப் பார்த்தாள். இத்தனை வெளிச்சத்தை அந்தப் பக்கம் அவள் பார்த்ததே இல்லை. தெருமுனையில் வியாபாரியின் வண்டி நின்றது. இந்த நிலைமையில் பணத்தைப் பற்றிப் பேசக் கூடாது என்று அவர் வழியிலேயே முடிவு செய்துவிட்டிருந்தார்.’

முதல் இரண்டு வாக்கியங்களும் உயர்ந்தவை. மரம் விழுந்தது என்று சொல்லாமல், வெளிச்சம் அதிகமாகிவிட்டது என்று ஒரு பெண்ணின் கண்ணால் சொல்லியிருக்கிறீர்கள். கலைச்சொல்லே தெரியாது என்கிற நீங்கள் நோக்குநிலையைச் சரியாகப் பிடித்திருக்கிறீர்கள். நான்காவது வாக்கியத்தில் கை நழுவிவிட்டது. திண்ணையில் இருக்கும் செல்விக்கு, வண்டியில் வரும் வியாபாரியின் மனம் எப்படித் தெரியும்? இதைத்தான் உங்கள் நண்பர் சிதறல் என்றார். எல்லார் மனத்துக்குள்ளும் போகும் கதைசொல்லி தவறில்லை. நம் காப்பியங்கள் அப்படித்தான் சொல்கின்றன. ஆனால் உங்கள் கதையில் வேறெங்கும் செல்வியை விட்டு விலகாத குரல், இந்த ஓர் இடத்தில் மட்டும் தெருமுனைக்கு ஓடிப் போய்த் திரும்பி வருகிறது.

இந்த ஒரு வாக்கியத்தால் பின்னலும் தளர்ந்துவிட்டது. வியாபாரி பணம் கேட்கப்போவதில்லை என்று நமக்கு முன்பே தெரிந்துவிடுவதால், அவர் வந்து உட்கார்ந்து, மோர் வாங்கிக் குடித்து, பேசாமல் இருக்கும் அந்த நீண்ட காட்சியில் நமக்கு எந்தத் தவிப்பும் இல்லை. அப்பா முந்திக்கொண்டு ‘ஓரத்து நெலத்த எழுதிக் குடுத்துடறேன்’ என்று சொல்லும்போது, அது அவர் மானத்தின் குரலாகக் கேட்க வேண்டும். அவசரப்பட்டுவிட்டாரே என்ற தவறாக மட்டும் கேட்கிறது. வாசகருக்குப் பாத்திரத்தைவிட அதிகம் தெரிவது எப்போதும் குறை என்று நினைத்துவிடாதீர்கள். சிலப்பதிகாரத்தின் பதிகத்திலேயே, அதாவது முன்னுரைப் பகுதியிலேயே, கதை முழுவதும் சொல்லப்பட்டுவிடுகிறது. கோவலன் சிலம்பை எடுத்துக்கொண்டு மதுரைக் கடைவீதிக்குப் போகும்போது நமக்கு முடிவு தெரியும், அவனுக்குத் தெரியாது. அந்த முரண்தான் நெஞ்சைப் பிசைகிறது. ஆனால் அங்கே நாம் அறிந்தது, அவன் தவிர்க்க முடியாத ஊழ். உங்கள் கதையில் நாம் அறிந்துகொள்வதோ ஒரு நல்ல மனத்தின் முடிவு. அது வெளியே வராமல் இருக்கும் வரைதான் அதற்குக் கனம். வியாபாரி எதையும் சொல்லாமலே எழுந்து போகட்டும். அவர் கேட்க வந்தாரா, ஆறுதல் சொல்ல வந்தாரா என்பது செல்விக்கும் தெரியாமல் இருக்கட்டும்.

தெரிந்ததையும் தெரியாததையும் பற்றிப் பேசும்போது புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளையை நினைக்காமல் இருக்க முடிவதில்லை. பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்குத் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, இருந்த அவர் 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்பு நமக்குக் கிடைத்திருக்கிறது. அதே காலத்தைக் களமாகக் கொண்டு, புதுச்சேரியிலேயே பிறந்த பிரபஞ்சன் நாவல்கள் எழுதினார். ‘வானம் வசப்படும்’ 1995ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருதைப் பெற்றது. நாட்குறிப்பு எழுதுபவருக்கு இன்றைக்கு வரைதான் தெரியும். 1761 ஜனவரியில் ஆங்கிலேயர் முற்றுகையில் ஊர் விழுந்த அதே மாதம் பிள்ளையும் இறந்தார். அந்த முடிவிலிருந்து திரும்பிப் பார்த்துத் தம் பழைய பக்கங்களுக்குப் பொருள் சொல்ல அவருக்கு வாய்க்கவில்லை. அதனால் அந்தப் பக்கங்களில் வதந்தியும் கவலையும் கணக்கும் எல்லாம் ஒரே கனத்தில் கிடக்கின்றன. எது பின்னால் பெரிதாகும் என்று எழுதியவருக்குத் தெரியாது. நாவலாசிரியருக்குத் தெரியும். தெரிவதால்தான் ஒன்றை விரித்து மற்றொன்றை ஒரு வரியில் கடக்க முடிகிறது. பின்னால் வருவதற்கு முன்னாலேயே ஒரு சிறு குறிப்பை வைத்துவிட முடிகிறது. முன்னறிகுறி என்று அதற்குப் பெயர். விரித்துச் சொல்வதைக் காட்சி என்றும், சுருக்கிக் கடப்பதைத் தொகுப்புரை என்றும் சொல்கிறோம். ‘சொல்லாதே, காட்டு’ என்று எல்லாரும் உபதேசிக்கிறார்கள். அது பாதி உண்மைதான். எல்லாவற்றையும் காட்டிக்கொண்டிருந்தால் கதை நகராது. கல்யாண வேலைகளை நீங்கள் நான்கு பக்கத்துக்குக் காட்டியிருக்கிறீர்கள். நான்கு வரி போதும்.

பின்னோக்கு உத்தி, அதாவது சினிமாவில் நாம் பிளாஷ்பேக் என்பது, பலரும் அவசரத்துக்கு எடுக்கும் கருவி. நினைவு வந்தது, கண் கலங்கியது, பத்து ஆண்டுகளுக்கு முன் என்று போய்விடுகிறார்கள். புறநானூற்றின் 112ஆம் பாட்டில் பாரி மகளிர் ‘அற்றைத் திங்கள்’ என்றும் ‘இற்றைத் திங்கள்’ என்றும் சொல்லி, ஐந்தே அடியில் இழப்பு முழுவதையும் சொல்லிவிடுகிறார்கள். அன்று நிலவில் தந்தையும் இருந்தார், குன்றும் எம்முடையது. இன்று நிலவில் இரண்டும் இல்லை. அன்றைக்கும் இன்றைக்கும் நடுவே நடந்த முற்றுகையையும் மரணத்தையும் பாட்டு விவரிப்பதே இல்லை. நடுவில் உள்ளதை நிலவு நிரப்புகிறது. ‘எம்’ என்று அவர்கள் சொல்வதில் நாம் சேர்ந்தவர்கள் அல்லர். அந்தத் துயரத்துக்கு வெளியே நின்று கேட்கிறோம். ஒரு காட்சி, புலனுக்குப் பிடிபடும்படி நிற்பது படிமம். அதே காட்சி திரும்ப வரும்போது முன்பு இல்லாத பொருளையும் தாங்கிக்கொண்டு வந்தால், அது குறியீடாகத் தொடங்குகிறது. நிலவு முதலில் நிலவு. இரண்டாவது முறை வரும்போது அது நிலவு மட்டும் அன்று.

உவமை, உருவகம் பற்றிப் பள்ளியிலேயே படித்துவிட்டதால் விட்டுவிடுகிறேன். ஆனால் நம் இலக்கணத்தில் உள்ளுறை, இறைச்சி என்று இரண்டு இருப்பதை எழுதுபவர்கள் திரும்ப எடுத்துப் படிக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. காட்சியில் உள்ள ஒவ்வொன்றும் மாந்தர் ஒவ்வொருவருக்கும் சொல்லாமலே ஒப்பாகி வந்தால் உள்ளுறை. அப்படி ஒன்றுக்கு ஒன்று பொருத்த முடியாமல், சொல்லப்பட்ட காட்சிக்குப் புறத்தே ஒரு பொருள் தோன்றினால் இறைச்சி. இன்றைய சிறுகதைக்கு இறைச்சிதான் நெருங்கிய உறவு. பலா மரம்தான் அப்பா என்று வாசகர் விரலை வைத்துச் சொல்லும்படி எழுதினால் அது விடுகதை ஆகிவிடும்.

உங்கள் பலா மரம் ஏன் குறியீடாகவில்லை? வேரோடு சாய்ந்து, வேரில் ஒரு கூடைச் செம்மண்ணைப் பிடித்தபடி, அடிமரத்தில் பலா மூசுகளோடு (பிஞ்சுக் காய்களோடு) கிடக்கிறது என்று அழகாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் அதை யாரும் பார்க்கவில்லை. அது பத்தியின் தொடக்கத்தில், யாருடைய கண்ணுக்கும் சொந்தமில்லாமல், ஓவியம் போலத் தனியே நிற்கிறது. பிறகு கதையில் திரும்ப வரவும் இல்லை. இதுவும் நோக்குநிலைக் குறைதான். செல்வி அதன் பக்கத்தில் போக வேண்டும். ஏதோ ஒரு காரியத்துக்காகப் போக வேண்டும். துக்கப்படுவதற்காக யாரும் மரத்திடம் போவதில்லை.

பாத்திரங்களைப் பற்றி நண்பர்கள் குறை சொல்லவில்லை, எனக்கும் பெரிய குறை இல்லை. அப்பா நிறைவான பாத்திரம். கதை தொடங்கும்போது நாம் நினைத்ததற்கு மாறாக ஒன்றைச் செய்கிறார், செய்த பிறகு அது அவருக்கு இயல்பு என்று நாம் ஒப்புக்கொள்கிறோம். அம்மா அழுவதற்கு மட்டும் வருகிறார். அவருக்கு ஒரு வேலை கொடுங்கள். உரையாடலில் பேச்சு வழக்கும் கதைசொல்லியின் எழுத்து வழக்கும் தனித்தனியே சுத்தமாக இருக்கின்றன, ஓர் இடம் தவிர: கோபத்தில் இருக்கும் அப்பா ‘ஆகையால்’ என்கிறார். யாரும் கோபத்தில் ‘ஆகையால்’ என்பதில்லை.

திருத்தி எழுதும்போது, செல்வியை விட்டு ஓர் அடிகூட விலகாமல் எழுதிப் பாருங்கள். வியாபாரியின் மனத்துக்குள் போகும் வாக்கியத்தை அடித்துவிடுங்கள். தோப்புப் பெரியவருக்கு ‘ர்’ கொடுப்பதா, ‘ன்’ கொடுப்பதா என்பதை உங்களுக்காக அல்ல, செல்விக்காக முடிவு செய்யுங்கள். ‘ன்’ என்று முடிவு செய்தால், கதையில் ஓர் இடத்திலாவது அவள் அதற்காக வெட்கப்பட வேண்டும். வந்தவருக்குச் சாப்பாடு போட வேண்டும், வீட்டில் காய் ஏதும் இல்லை என்று அம்மா அவளைப் பலா மரத்துக்கு அனுப்பட்டும். நான் எழுதினால் அந்த இடம் ஏறக்குறைய இப்படி வரும். உங்கள் கையில் வேறு விதமாக வர வேண்டும்:

‘மரத்தைச் சுற்றிக்கொண்டு போனாள். வழக்கமாக அண்ணாந்து பார்த்து, கம்பால் தொட்டுப் பார்க்கிற மூசுகள் இடுப்பு உயரத்தில் இருந்தன. பெரிதாக ஒன்றைத் திருகினாள். பால் கையெல்லாம் ஒட்டியது. மரத்துக்கு இன்னும் தெரியாது. வீட்டுப் பக்கமிருந்து அப்பாவின் குரல் கேட்டது. என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது. மூன்று மூசுகளைப் பறித்து முந்தானையில் போட்டுக்கொண்டு, ஒட்டிய பாலை மண்ணில் தேய்த்தாள்.’